ஒரு சுப்ஹானல்லாவுக்கு இரண்டு அடி

என்னை ஓட்டக்காரியாக்கியது சூறாவளி. எழுபத்தெட்டில் அடித்த அந்தச் சூறாவளி, மருதமுனையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் கூரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. மழை பெய்தாலும் வகுப்பில்லை, வெயில் எரித்தாலும் வகுப்பில்லை. எங்களை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல், பாண்டிருப்பிலிருந்து வரும் விளையாட்டு டீச்சர் பெண்பிள்ளைகளையெல்லாம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனா. தூரத்தில் கிடந்த ஒரு தோணியைக் காட்டி, அதைத் தொட்டுவிட்டு வாருங்கள் என்றா. மற்றவர்கள் பாதி வழியில் இருந்து சிப்பி பொறுக்கினார்கள். நான் தொட்டுவிட்டு வந்தேன். இன்னொரு தரம் போ என்றா. போனேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. அதன்பிறகு நாலு வருஷம் நான் நிற்கவே இல்லை.

நாலு வருஷம் என்று சொல்வது லேசு. விடியலில் கடற்கரைக்கு இறங்கினால் பாண்டிருப்புக் கரை வரைக்கும் ஓடித் திரும்பி வரவேண்டும். ஈர மணலில் கால் பறக்கும், காய்ந்த மணலில் புதையும். டீச்சர் காய்ந்த மணலில்தான் விடுவா. கரைவலை இழுக்கிற ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிப்போய், நான் வரும்போது கயிற்றைத் தாழ்த்திப் பிடித்தார்கள், தாண்டிப் போகட்டும் என்று. உம்மா தைத்துத் தந்த நீளக் காற்சட்டை, முழங்கைக்குக் கீழே இறங்கிய சட்டை, ஊசி குத்தின முக்காடு. இவ்வளவையும் போட்டுக்கொண்டு ஓடியும் ஊர் விட்டதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. குமர்ப்பிள்ளை இப்படிக் குதித்துத் திரிந்தால் எவன் கட்டுவான் என்று பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் கேட்டா. கட்டுகிறவன் முதலில் என்னை எட்டிப் பிடிக்கட்டும் மாமி, கட்டுவதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். ஒரு மாதம் அவ எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த காலம் அது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நாட்களில் எனக்கிருந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஓடி முடித்து வந்தால் ஒரு பானைப் பிட்டும் காணாது. கிணற்றடியில் தண்ணீர் அள்ளும்போது வாளியோடு சேர்ந்து நானும் ஆடுவேன். காரணமில்லாமல் சிரிப்பு வரும். பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகச் சொன்னால் எனக்கு நடக்க வராது.

எங்கள் வீட்டில் அப்போது ஆண் என்றிருந்தது என் அக்கா, ராத்தாவின் மாப்பிள்ளை மச்சான் மட்டும்தான். வாப்பா இல்லை. அவர் மௌத்தானபோது எனக்கு ஒன்பது வயது. ரெண்டு நாள் நெஞ்சு நோகிறது என்று சொன்னார். டிஸ்பென்சரியில் இது வெறும் வாய்வு என்று ஒரு போத்தல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் லுஹர் தொழுது, சோறு தின்று சாய்ந்தவர், பின்னேரம் அஸருக்கு எழும்பவில்லை. போத்தலில் பாதி மருந்து மிச்சம் கிடந்தது.

அதற்குப் பிறகு உம்மாவுக்கு ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. விடியலில் சுபஹு தொழுது முடித்ததும் நான் படுத்திருக்கும் பாயில் வந்து உட்காருவா. வலது கையில் தஸ்பீஹ் மணி. இடது கையை என் நெஞ்சில் வைப்பா. மணி ஒன்று தள்ளினால் ஒரு சுப்ஹானல்லாஹ். ஒரு சுப்ஹானல்லாவுக்கு என் நெஞ்சு ரெண்டு தரம் அடிக்க வேண்டும். மணிக்கூடு பார்க்கத் தெரியாத உம்மாவுக்கு அதுதான் மணிக்கூடு. முப்பத்து மூன்று மணியும் அப்படியே ஓடி முடிந்தால், பிள்ளைக்கு இன்றைக்கும் ஒரு நாள் கிடைத்துவிட்டது என்று பொருள். பிறகு என் தோளில் ஒரு தட்டு. ஒழும்பு மகள், தொழு, ஓடு. ராத்தாவுக்கும் இந்தக் கை இருந்தது. அவ கல்யாணம் முடித்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, உம்மா மரியாதைக்கு அவவை விட்டுவிட்டா. அதோடு முழுக் கையும் எனக்கு.

என் நெஞ்சு எப்போது மெதுவாகத் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. உம்மாவுக்குத் தெரியும், ஆனால் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தா. மாகாணப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீற்றரில் நான் முதலாவதாக வந்து, கொழும்பில் நடக்கும் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிக்கு வரச்சொல்லிப் படிவம் வந்தது. பெற்றோர் கையெழுத்து வைக்கவேண்டும். நான் அந்தப் படிவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் ஆடினேன். கோழிகள் பறந்தன. உம்மா அடுப்பெரியும் குசினி வாசலில் நின்று பார்த்தா. சிரிக்கவில்லை.

"உன்ட நெஞ்சு இப்ப ஒண்டுக்கு ஒண்டுதான் அடிக்குது மகள். நானும் ஒரு வருஷமாப் பாக்கிறன். குறைஞ்சு குறைஞ்சு வருது."

ஆடிய கால் அப்படியே நின்றது. அதனால் என்ன உம்மா, எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லையே என்றேன். வாப்பாவுக்கும் ஒரு வருத்தமும் இல்லை என்றா. கையெழுத்து வை என்று கெஞ்சினேன். அவ யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னா, நியாயம் தீர்க்கிற காதியார் தோற்றார். பழையபடி ஒரு சுப்ஹானல்லாவுக்கு ரெண்டு அடிக்கட்டும், அன்றைக்கே கையெழுத்து. அடிக்காவிட்டால் கொழும்பும் இல்லை, கடற்கரையும் இல்லை. போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தது.

டீச்சரிடம் ஓடினேன். அவ கழுத்தில் தொங்கிய நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தி, என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினா. ஒரு நிமிஷத்துக்கு நாற்பத்து நாலு. திரும்பவும் எண்ணினா. அதே நாற்பத்து நாலு. மற்ற ஆட்களுக்கு எழுபது எழுபத்திரண்டு அடிக்குமாம். நீண்டகாலம் ஓடுகிறவர்களுக்கு நெஞ்சு மெதுவாகத்தான் அடிக்கும், பயிற்சிக் கல்லூரியில் படித்திருக்கிறேன் என்று சொன்னா. சொல்லும்போது அவவின் முகம் சொன்னதை நம்பின முகமாகத் தெரியவில்லை. பெண்பிள்ளைகளுக்கும் அப்படித்தானா என்று கேட்டேன். அதைப் புத்தகத்தில் போடவில்லை என்றா. நல்ல புத்தகம்.

இதை வந்து உம்மாவிடம் சொன்னால், பிள்ளை டீச்சருக்கா எனக்கா என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டா.

சரி, ரெண்டுதானே அடிக்கவேண்டும்? அடிக்கவைக்கிறேன் பார் என்று ராத்தாவும் நானும் சேர்ந்து இறங்கினோம். ராத்தா அப்போது ஏழு மாதக்காரி. வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கவே மூச்சு வாங்கும், ஆனால் குறும்புக்குக் குறைவில்லை. முதலில் இஞ்சியும் மிளகும் போட்டு ஒரு கோப்பி ஊற்றித் தந்தா. விடியலில் உம்மா தொழப் போன நேரம் பார்த்து அதை ஒரே இழுப்பில் குடித்துவிட்டுப் பாயில் விழுந்தேன். வாய் எரிந்தது, காது எரிந்தது, கண்ணில் தண்ணீர் ஓடியது. நெஞ்சு மட்டும் தன்பாட்டில் கிடந்தது. உம்மா கையை வைத்து எண்ணிவிட்டு, நெஞ்சும் சரியில்லை, இப்போது காய்ச்சலும் பிடித்துவிட்டது என்று நெற்றியில் ஈரத்துணி போட்டா.

அடுத்தது கோபம். உனக்குக் கோபம் வந்தால் வீடே அதிருமே, நெஞ்சு அதிராதா என்று ராத்தா கேட்டா. நியாயமான கேள்வி. மறுநாள் உம்மா வருவதற்குக் கொஞ்சம் முந்தி என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, உன்ட ஓடுற காற்சட்டையைக் கிழித்துப் பிள்ளைக்கு அணைத்துணி தைத்துவிட்டேன் என்றா. இது திட்டம் போட்ட பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்துவிட்டது, அதுதான் என் குணம். எழும்பிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் காற்சட்டையைக் காணவில்லை. திட்டத்தைத் திருத்தமாகச் செய்ய வேண்டுமென்று அவ உண்மையாகவே ஒளித்து வைத்திருக்கிறா! நான் அவவின் தலையணையைப் பிடுங்க, அவ என் பின்னலைப் பிடிக்க, சண்டை விலக்க ஓடிவந்த உம்மா எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு அடி தந்தா. அன்று அடி விழுந்தது முதுகில்தான். நெஞ்சை யாரும் எண்ணவில்லை.

மூன்றாவது யோசனை என்னுடையது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. நெஞ்சு அடிக்க வேண்டுமென்றால் ஓட வேண்டும், அவ்வளவுதானே? உம்மா தொழுகைக்குத் தக்பீர் கட்டினதும் நான் பின்கதவால் கிணற்றடிக்குப் போனேன். அங்கே நின்ற இடத்தில் முழங்கால் நெஞ்சைத் தொட இருநூறு தரம் குதித்தேன். உம்மா ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கிற நேரம் பாயில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டேன். நெஞ்சு திமுதிமுவென்று இடிக்கிறது. மூச்சை மூக்குக்குள் அடக்கிப் பிடித்துக்கொண்டு, வா உம்மா வா, சுறுக்கா வா என்று கிடந்தேன்.

உம்மா வந்தா. கையை வைத்தா. முதலாவது சுப்ஹானல்லாவுக்கு மூன்று அடி. ரெண்டாவதுக்கும் மூன்று. உம்மாவின் விரல்கள் என் நெஞ்சில் சந்தோஷத்தில் அழுந்தின. அல்லாஹ் என்று ஒரு மூச்சு விட்டா. நான் கண்ணை மூடிக்கொண்டே கொழும்பு பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்துவிட்டேன். ஆனால் உம்மா கையை எடுக்கவில்லை. மணி முப்பத்து மூன்றும் முடியாமல் அவ எந்தக் காலத்தில் எழும்பியிருக்கிறா? என் நெஞ்சோ நாலு வருஷம் பழக்கின நெஞ்சு. ஓடச் சொன்னால் ஓடும், நின்றால் உடனே இருந்துவிடும். நாய்வாலை நிமிர்த்த முடியுமா? பத்தாவது மணியில் ரெண்டு அடி. இருபதில் ஒன்றரை. இருபத்தைந்தில் ஒன்று. நெஞ்சு கைக்குள்ளேயே இறங்கி இறங்கிப் போவதை உம்மா பார்த்துக்கொண்டிருக்கிறா. எனக்குப் படுத்த இடத்தில் வேர்த்தது. உம்மாவின் தஸ்பீஹ் சடசடவென்று ஓடத் தொடங்கியது.

"யா அல்லாஹ், நிக்கப் போகுது!"

அந்தச் சத்தத்தில் மச்சான் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தா. ஒரு மாதம் வராத பக்கத்து வளவு மாமி, வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி, வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தா. எனக்கு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் எழும்பி எழும்பி உட்கார, ஆறு கை சேர்ந்து என்னைப் படுக்க வைத்தது. தெருமுனைக் கார்க்காரரை எழுப்பினார்கள். பின்சீற்றில் என்னை மௌத்தான மையித்து மாதிரிக் கிடத்தி, என் தலையை உம்மா மடியில் வைத்து, கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்தக் கார் ஏறியவர்களின் பாரத்தில் முக்கி முக்கிப் போனது. இறங்கி ஓடினால் நான் முந்திப் போய்ச் சேர்ந்திருப்பேன். சொல்லவும் செய்தேன். பிள்ளைக்குப் புத்தி தடுமாறுது என்று மாமி அழுதா.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணப் பக்கத்து இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய முகமும் மாறிவிட்டது. மயக்கம் வருமா, மூச்சு முட்டுமா, கால் வீங்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பசிக்குமா என்று கேட்டார். அதற்கு மட்டும் ஓம் என்றேன். நர்ஸ் மிஸ்ஸியைக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்கவைக்கச் சொன்னார். சரி, என் கதை முடிந்தது, இனி கொழும்பு ஏது என்று எனக்கு அழுகை வந்தது. எனக்குக் கோபம் அடிக்கடி வரும், அழுகை வராது. அன்று வந்தது.

அந்த நேரம் டீச்சர் தன்னுடைய சைக்கிளை ஆஸ்பத்திரி மதிலில் சாத்திவிட்டு மூச்சிரைக்க வந்தா. ராத்தா ஆள் அனுப்பியிருக்கிறா. இந்தப் பிள்ளை நாலு வருஷமாக நாளைக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்று டொக்டரிடம் சொன்னா. டொக்டரின் முகம் திரும்பவும் மாறியது. என்னைக் கட்டிலிலிருந்து இறங்கச் சொல்லி, முற்றத்து வாகை மரத்தைத் தொட்டுவிட்டுப் பத்துத் தரம் ஓடிவா என்றார். கேட்கவா வேண்டும்? ஓடினேன். மருந்துக்குப் போத்தலோடு வரிசையில் நின்ற சனம் வரிசையை விட்டுவிட்டு வந்து எண்ணியது. எட்டு, ஒன்பது என்று கத்தியது. முக்காடு ஊசி கழன்று பறக்க, அழுத கண்ணோடு நான் சிரித்துக்கொண்டு ஓடினேன்.

ஓடி வந்ததும் எண்ணினார். நூற்றி எழுபது. கதிரையில் இருக்கச் சொல்லி ஒரு நிமிஷம் கழித்து எண்ணினார். நூறுக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஐம்பது சொச்சம். குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். படிக்கிற காலத்தில் கேள்விப்பட்டதைக் கல்முனையில் முக்காட்டோடு காணுவேன் என்று நினைக்கவில்லை என்றார்.

உம்மாவை இருத்தி விளங்கப்படுத்தினார். கையும் காலும் வேலை செய்தால் தசை பலக்கிற மாதிரி நெஞ்சும் ஒரு தசைதானாம். நாலு வருஷம் ஓடி ஓடி என் நெஞ்சு பெருத்துப் பலத்திருக்கிறதாம். கிணற்றில் சின்ன வாளி போட்டால் ரெண்டு தரம் அள்ள வேண்டும், பெரிய வாளி போட்டால் ஒரு தரம் போதும், தண்ணீர் ஒன்றுதான் அம்மா என்றார். சனத்துக்கு நல்லாக விளங்கிவிட்டது. மாமிகூடத் தலையாட்டினா. உம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தா.

"வாளி பெருத்தா, கயிறு அறாதா தம்பி?"

உம்மா நிறுத்தவில்லை. இவட வாப்பாவுக்கும் இப்படித்தான் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், அந்தப் போத்தல் இன்னும் வீட்டில் இருக்கிறது என்றா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அடுப்பில் அரிசி போட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னா. அந்தப் போத்தலை உம்மா வைத்திருக்கிறா என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த டொக்டர் நல்ல மனிசன். வாதாடவில்லை. நீங்கள் எப்படி எண்ணுவீர்கள், எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டார். உம்மா என் நெஞ்சில் கையை வைத்து ஓதத் தொடங்கினா. டொக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணிகள் மழை மாதிரி விழுந்தன. முப்பத்து மூன்றும் அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. பிறகு அவர் உம்மாவின் மணிக்கட்டைக் கேட்டு வாங்கி எண்ணினார். நூற்றிப் பதினெட்டு.

"மகளுக்கு ஒண்டுமில்லை அம்மா. நீங்கள்தான் ஓடுறியள். பயம் கூடக் கூட நீங்கள் கெதியா ஓதுறியள், அதாலதான் அடி குறையுது. ஆறுதலா, மெதுவா ஓதிப் பாருங்கோ."

பார்த்தீர்களா? வாப்பா போனதிலிருந்து உம்மா பயந்து பயந்து ஓதுகிறா. ஓத ஓத வேகம், வேகத்துக்கு அடி குறைவு, குறைவுக்கு இன்னும் பயம். அடி குறைந்ததில் என் நெஞ்சுக்கும் பங்கிருந்தது உண்மை. மீதியைக் குறைத்தது உம்மாவின் மணிக்கூடு. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. ராத்தாவைப் பார்த்தேன், அவவும் வயிறு குலுங்கச் சிரிக்கிறா. உம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஓதப் படிப்பிக்கிறானா அவன் என்று எழும்பி, விறுவிறென்று போய்க் காரில் ஏறிவிட்டா. ராத்தா எடுத்து வந்திருந்த என் படிவத்தில், வைத்தியரின் இடத்தில் டொக்டர் கையெழுத்து வைத்துத் தந்தார். உம்மாவின் இடம் வெறுமையாக இருந்தது.

அதற்குப் பிறகு உம்மா என் நெஞ்சில் கை வைக்கவே இல்லை. சுபஹு தொழுதுவிட்டுத் தொழுத பாயிலேயே இருந்து ஓதினா. என்னை எழுப்ப ராத்தாதான் வந்தா. படிவம் அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஒரு நாள் போனது, ஒரு கிழமை போனது. நான் தட்டை உடைத்தேன், கதவை அடித்தேன், ரெண்டு நேரம் சோறு தின்னவில்லை, பிறகு பசி தாங்காமல் மூன்று நேரத்துச் சோற்றைத் தின்றேன். புறப்பட ஒரு நாள் இருக்கும்போது வாய் தவறிவிட்டது. வாப்பா மௌத்தானதுக்கு நானும் மௌத்தான மாதிரிப் படுத்துக் கிடக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்த உம்மா, திருவி முடித்து, சிரட்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழும்பிப் போனா. சீ, நானும் ஒரு பிள்ளையா என்று என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. பையில் அடுக்கியிருந்த உடுப்பை எடுத்துத் திரும்பப் பெட்டியில் போட்டேன்.

புறப்பட வேண்டிய விடியல். பஸ்ஸுக்கு டீச்சர் வந்து நிற்பா, நான் வரமாட்டேன் என்று சொல்ல யாரை அனுப்புவது என்று நினைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பாய் அசைந்தது. என் நெஞ்சில் உம்மாவின் கை வந்து இருந்தது. குளிர்ந்த கை, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுத்த ஈரம் காயவில்லை.

நான் மூச்சுக்கூட விடவில்லை. உம்மா ஓதத் தொடங்கினா. சுப் என்றா. நிறுத்தினா. என் நெஞ்சு ஒரு தரம் அடித்தது. ஹா என்று இழுத்தா, அந்த இழுவை தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது. னல்லாஹ் என்று முடிக்கும்போது என் நெஞ்சு இன்னொரு தரம் அடித்தது. அதன்பிறகுதான் மணியைத் தள்ளினா. அடுத்ததும் அப்படியே. முதல் அடி வருமட்டும் காத்திருந்து, ரெண்டாவது அடி வருமட்டும் இழுத்து, வந்த பிறகுதான் மணி நகர்ந்தது. அவவின் பயம் முழுக்க அப்படியே இருந்தது. ஓதுகிற வேகத்தை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைத்திருந்தா. ஆஸ்பத்திரியில் அரை நிமிஷத்தில் முடித்த முப்பத்து மூன்றையும் அன்று முடிக்க எத்தனை நேரம் எடுத்ததோ தெரியாது. எனக்குக் கண்ணீர் காதுக்குள் ஓடியது. துடைத்தால் முழித்திருப்பது தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை.

"ரெண்டு," என்றா உம்மா. "ஒழும்பு மகள். பஸ்ஸுக்கு நேரமாகுது."

உம்மாவுக்குத் தமிழில் பேர் எழுத வராது. அலுமாரிக்கு மேலிருந்த படிவத்தை எடுத்து, அறபு எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதித் தந்தா. கொழும்பில் அதை வாங்கினவர் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ட உம்மாதான், சரியாகத்தான் போட்டிருக்கிறா என்று சொன்னேன்.

கொழும்புத் திடலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு இறுகின தரையா! நாலு வருஷம் காய்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓடினவளை அதில் விட்டால் என்ன நடக்கும்? பறந்தேன். கடைசிச் சுற்றில் மலைநாட்டுப் பிள்ளை ஒன்று என்னை முந்திவிட்டது, அது என்னைவிடப் பெரிய வாளி. ரெண்டாவதாக வந்தேன். மூச்சு வாங்க வாங்கப் புல்லில் விழுந்து, நெஞ்சில் நானே கையை வைத்து ஒரு சுப்ஹானல்லாஹ் ஓதிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை, அப்படி அடித்தது. உம்மா பார்த்திருந்தால் சந்தோஷத்தில் மயங்கி விழுந்திருப்பா.

வீட்டுக்கு வந்து பரிசுக் கிண்ணத்தை நீட்டினேன். உம்மா அதை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு என் நெஞ்சில் கையை வைத்தா, நடு முற்றத்தில், மாமி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருக்க.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சுபஹுத் தஸ்பீஹைக் கடைசியாக முடிப்பது உம்மாதான். மற்ற வீடுகளில் தேத்தண்ணி குடித்து, பாண் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உம்மா இருபதாவது மணியில் இருப்பா. பிட்டு ஆறுகிறது என்று ராத்தா குசினிக்குள்ளிருந்து கத்துவா, இடுப்பில் இருக்கும் பிள்ளையும் சேர்ந்து கத்தும். உம்மா காதில் வாங்கமாட்டா. என் நெஞ்சு ரெண்டாவது தரம் அடிக்குமட்டும் மணியைப் பிடித்துக்கொண்டு இருப்பா.